கல்வி உதவித்தொகை: உரிமையும் நம் கடமையும்

(மறைமலை நகரில் நடைபெற்ற வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வெள்ளி விழா என்பது நடந்து வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதற்கும், இனி நடக்க வேண்டிய வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதற்கும் உரிய நாளாகும். திரும்பிப் பார்க்கும் பணியை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே நிறைவேற்றினார்கள். கட்டுச்சோற்றைப் பற்றிப் பேசும் பொறுப்பு எங்களுக்கு வந்திருக்கிறது. எனவே, நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வதற்கு அரசு தரும் பணத்தைப் பற்றியும், அப்பணம் வரும் வழியைப் பற்றியும், அது வராமற்போகும் வழியைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேச விரும்புகிறோம். பணத்தைப் பற்றிப் பேசுவது விழா மேடைக்கு அழகன்று என்று சிலர் கருதலாம். கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை விட்ட பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று வந்தவர்கள் நாங்கள். எங்களால் வேறொன்றைப் பற்றிப் பேச இயலவில்லை.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கல்வி உதவித்தொகை யாரோ இரங்கிப் போட்ட பிச்சையன்று. அது போராடிப் பெற்ற உரிமை. அதன் வரலாற்றில் நாம் வாழும் இந்தச் செங்கற்பட்டுச் சீமைக்கும் பங்கு உண்டு.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கில அதிகாரி, இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை, எழுத்தறிவின்மை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நம் முன்னோரை அழுத்தியதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுகின்ற நில ஒதுக்கீடு அடுத்த ஆண்டில் பிறந்தது அதன் விளைவாகவே ஆகும். அதே 1891ஆம் ஆண்டில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார்கள். 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழையும் தொடங்கினார்கள். நாம் நாள்தோறும் மின்தொடர் வண்டியில் கடந்து செல்லும் பரங்கிமலையில் 1883ஆம் ஆண்டில் பிறந்தவர் எம்.சி. ராஜா அவர்கள். ஆசிரியராய்ப் பணிபுரிந்த அவர் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து நம் மக்களின் கல்விக்காக வாதாடினார். சைதாப்பேட்டையிலுள்ள கல்லூரி மாணவர் விடுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தமையால் அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அது ஒரு மன்னரின் நல்ல மனத்தால் ஒரு மாணவருக்குக் கிடைத்த வாய்ப்பு. மன்னர் மனம் இரங்காவிடில் அந்த மாணவரின் கதி என்ன ஆகியிருக்கும்? இக்கேள்வியை அண்ணல் மறக்கவில்லை. 1942ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நல உறுப்பினராகப் பொறுப்பேற்றதும், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விளக்கி ஒரு விண்ணப்பத்தை அரசப் பிரதிநிதியிடம் அளித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திற்கும் ஆண்டுதோறும் மானியம் வழங்கும் அரசு, தாழ்த்தப்பட்ட மக்களின் உயர்கல்விக்கு எதுவும் வழங்காதிருப்பது என்ன நியாயம் என்பது அவர் எழுப்பிய வாதம். அதன் பயனாக 1944ஆம் ஆண்டில் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கீட்டில் மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டில் அது பழங்குடி மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

தோழர்களே! ஒரு மன்னரின் கொடையாக 1913இல் ஒருவருக்குக் கிடைத்தது, 1944இல் ஓர் இனத்தின் உரிமையாயிற்று. பெற்ற உதவியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் பின்வருவோர்க்கும் வழியாக்கியவர் அண்ணல். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு மாணவரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அலுவலக மேசையின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இனி, இத்திட்டம் இந்நாளில் நடைபெறும் முறையைக் காண்போம்.

நெடுங்காலம் இத்திட்டத்தின் செலவில் மாநில அரசுகள் ஒரு நிலையான தொகையைத் தம் பொறுப்பாக ஏற்றன. அதற்கு மேற்பட்ட செலவை மட்டுமே மத்திய அரசு அளித்தது. ஒவ்வொரு திட்டக் காலம் முடியும்போதும் மாநிலத்தின் பொறுப்புத்தொகை உயர்ந்துகொண்டே சென்றமையால், மத்திய அரசின் பங்கு சுருங்கியது. பல மாநிலங்களில் நிலுவை மலைபோல் குவிந்தது. ஓராண்டுக்குரிய தொகை அடுத்த ஆண்டில் வருவதும், சில வேளைகளில் வராமலே போவதும் வழக்கமாயின. நாடெங்கும் எழுந்த குரலுக்குப் பின், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை புதிய முறைக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுக்கும் 40 விழுக்காடு மாநில அரசுக்கும் உரியதாயிற்று. 2025-26 வரையிலான காலத்திற்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் என்றும், அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பின்னரே மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரே சேரும்.

மூன்று இலட்சத்திலிருந்து இத்தனை கோடிகள்! கேட்பதற்குப் பெருமிதமாகவே இருக்கிறது. ஆனால் நம் வீட்டு வாசலில் வந்து சேர்வது எவ்வளவு? 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தொழிற்படிப்புப் படிக்கும் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் கல்விப்படி. வீட்டிலிருந்து சென்று பி.ஏ., பி.காம். முதலிய பட்டப்படிப்புப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். அதாவது மாதத்திற்கு 250 ரூபாய். கட்டணம் தனியே வழங்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தாம்பரத்திற்கு நாள்தோறும் வந்து போகும் ஒரு பிள்ளையின் பயணத்திற்கும், பகலுணவுக்கும், நூல்களுக்கும் மாதம் 250 ரூபாய் போதுமா என்பதைத் தாய்மார்களே கூறுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் சில ஏற்பாடுகள் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 92ஆம் எண் அரசாணை, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. மதம் மாறிய நம் உறவினருக்கு மத்திய அரசு மூடிய கதவை மாநில அரசு திறந்துவைத்தது இதன் தனிச்சிறப்பு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன.

திட்டங்கள் இத்தனை இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் இடையில் நிற்கின்றனர்? இக்கேள்விக்கு விடையாக நாங்கள் நேரில் கண்ட மூன்று நிகழ்ச்சிகளை உங்கள் முன் வைக்கிறோம். பெயர்களைக் கூறமாட்டோம்.

கூடுவாஞ்சேரிப் பக்கத்து மாணவி ஒருவர், கலந்தாய்வின் வழியே பொறியியல் கல்லூரியில் இடம் பெற்றார். தந்தையார் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர். அத்தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியமையால் வேலை இழந்து வீட்டிலிருந்தார். கல்லூரி அலுவலகத்திலோ, "இப்போது பணத்தைக் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பிப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள். தாயார் தம் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். உதவித்தொகை வந்து சேர்ந்தபோது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்திற்கும் நாள் நெருங்கிவிட்டது. நகை மீளவில்லை, ஏலத்திற்குப் போயிற்று. மகள் படிப்பை முடித்துவிட்டார் என்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அரசின் கணக்கில் இலவசக் கல்வி என்று எழுதப்பட்ட அப்படிப்பிற்கு அந்தத் தாய் தந்த விலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இரண்டாமவர் ஒரு மாணவர். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தால் நல்ல இடமே கிடைத்திருக்கும். இடைத்தரகர் ஒருவர் வீடு தேடி வந்து, "உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வரும்" என்று ஆசை காட்டி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இவ்வுதவித்தொகை கிடையாது என்பது சேர்ந்த பின்னரே தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்ட அவர், இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறார். அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். உரிய செய்தி உரிய நாளில் அவரை எட்டவில்லை. அவர் வீடு நம் சங்க அலுவலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. எங்கள் குழு அவ்வீட்டுப் படியேறவில்லை. இக்குற்றத்தை இந்த மேடையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்றாவது ஒரு சிறு செய்தி. ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே இருந்தது, ஆதார் அட்டையில் பின்னே இருந்தது, வங்கிப் புத்தகத்தில் இல்லவே இல்லை. இந்த ஓரெழுத்தால் ஓராண்டு உதவித்தொகை நின்றது. திருத்துவதற்கு வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் வங்கிக்கும் நடந்த நாட்களுக்குத் தாயார் இழந்த நாட்கூலி எவ்வளவு என்பதை அவரே அறிவார்.

இவை நம் பகுதிக்கு மட்டும் உரிய துன்பங்கள் என்று எண்ணற்க. 2024ஆம் ஆண்டில் உத்தரப்பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த, கூலித் தொழிலாளியின் மகனான ஒரு தலித் மாணவர், தன்பாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றார். இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். ஊரார் உதவியால் தொகை திரண்டபோது கெடு நேரம் கடந்துவிட்டது, இடம் பறிபோயிற்று. அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னைக் கழகம் ஆகையால், நீதி தேடி அவர் நம் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தார். இறுதியில் உச்சநீதிமன்றம், 2024 செப்டம்பர் 30ஆம் நாள், அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு வழங்கும் தனி அதிகாரத்தைக் கொண்டு அவருக்கு இடமளிக்க ஆணையிட்டது.

நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளுள் ஒன்றை வென்ற அறிவு, 17,500 ரூபாய்க்கு முன் தோற்றுப்போக இருந்தது. அவருக்கு உச்சநீதிமன்றத்தின் கதவு திறந்தது. அந்தக் கதவு வரை செல்ல இயலாமல் பாதி வழியில் திரும்பியவர்கள் எத்தனை பேர்? பணம் இல்லாமையினும் கொடியது, வர வேண்டிய பணம் உரிய நாளில் வராமை என்பதே இவை அனைத்தும் நமக்குக் கூறும் பாடம். பயிர் காய்ந்த பின் பெய்த மழையால் உழவனுக்கு என்ன பயன்?

பணம் உரிய நாளில் வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் விளங்காதபோது யாரைக் கேட்பது என்று தெரிவதில்லை. அமெரிக்க நாடு இதனை உணர்ந்து, 1964, 1965, 1968ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று திட்டங்களைத் தொடங்கிற்று. அவற்றுக்கு ட்ரையோ என்று பெயர் வந்தது. மாணவருக்குத் தரும் உதவித்தொகை வேறு, இது வேறு. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறை மாணவருக்கும் தனிப்பாடம் நடத்தவும், வழிகாட்டவும், உதவிப் படிவங்களை நிரப்பித் தரவும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு நேரே மானியம் தருகிறது. அறுபதாண்டுகள் பயன் விளைத்த அத்திட்டத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்ற முன்மொழிவு 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் வரவுசெலவுத் திட்டக் குறிப்பிலேயே இடம்பெற்றது. எந்த நாடாயினும், எளியோர் பெற்ற உரிமையைக் காவல் காக்காவிடில் அது களவு போகும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு இல்லாமலில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பல்கலைக்கழக மானியக் குழு, தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குக் குறைதீர் பயிற்சி வகுப்புகளும் தேர்வுப் பயிற்சி வகுப்புகளும் நடத்தக் கல்லூரிகளுக்கு மானியம் அளித்தது. அத்திட்டக் காலம் 2017ஆம் ஆண்டு மார்ச்சுடன் முடிவுற்றது. மாணவர்களே! உங்கள் கல்லூரியில் ஆதிதிராவிடர் நலப் பிரிவு எங்கே இயங்குகிறது, அதன் பொறுப்பாளர் யார், இவ்வாண்டு என்ன வகுப்பு நடத்தினார் என்று கேளுங்கள். கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம். கேட்பாரற்ற மானியம் திரும்பிப் போய்விடும்.

இனி நம் சங்கம் செய்ய வேண்டியதைக் கூறி முடிக்கிறோம்.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியைக் கட்டி முடிக்க வேண்டும் என்பது மூத்த உறுப்பினர் பலரின் விருப்பம் என்பதை அறிவோம். கீழ்த்தளம் எழும்பியபோது செங்கல் சுமந்தவர்கள் அவர்கள். அவ்விருப்பத்தை நாங்கள் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. ஆயினும், மாடிக்கென ஒதுக்கிய தொகையில் பாதியையேனும் ஒரு முன்பண நிதியாக அமைக்க வேண்டும் என்று கல்விக் குழு இப்பேரவையை வேண்டுகிறது. கலந்தாய்வில் இடம் பெற்ற பிள்ளைக்குச் சேர்க்கை நாளன்று வேண்டிய பணத்தை இந்நிதி வட்டியின்றித் தரும். உதவித்தொகை வந்ததும் அது நிதிக்குத் திரும்பும். திரும்பிய பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரு தாயின் கம்மலும் இனி அடகுக் கடைக்குப் போகலாகாது.

இதற்கு ஒரு மறுப்பு எழுந்தது. அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு தன் கடமையை மறந்துவிடாதா, கல்லூரிகளும் முன்பணம் கேட்பதையே வழக்கமாக்கிவிடாவா என்று நம் உறுப்பினர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள், கட்டணம் கட்டாமலே சேர்க்கை பெறுவதற்குரிய அட்டை ஒன்றைத் தகுதியுள்ள மாணவருக்கு வழங்க வேண்டும் என்கின்றன. ஆகையால் முதலில் அவ்வட்டையை நாடுவோம். அதை ஏற்க மறுக்கும் இடத்தில் மட்டுமே நம் நிதியிலிருந்து பணம் கொடுப்போம். அவ்வாறு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு எழுத்து மூலம் முறையீடு அனுப்பி, அதன் படியைக் கோப்பில் வைப்போம். உரிமையையும் விடமாட்டோம், பிள்ளையின் ஆண்டையும் வீணாக்கமாட்டோம்.

இத்துடன், ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே சான்றிதழ் முகாம் நடத்துவோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்துக் கொடுப்போம். நம் பகுதியில் பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவரும் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு துணை நிற்க வேண்டும். வீட்டுப் படியேற வேண்டும். எங்கள் குழு தவறவிட்ட அந்த மாணவரின் வீட்டிலிருந்தே இப்பணியைத் தொடங்குகிறோம். அவர் மீண்டும் படிக்க விரும்பினால், இந்நிதியின் முதல் தொகை அவருக்கே உரியது.

அண்ணல் தமக்குக் கிடைத்த உதவியை ஓர் இனத்தின் உரிமையாக மாற்றிக் காட்டினார். அவ்வுரிமையால் படித்து இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர் இந்த மன்றத்தில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் பெற்றதில் ஒரு பங்கை அடுத்தவருக்கு வழியாக்குங்கள். மாடி சில ஆண்டுகள் பொறுத்திருக்கும். சேர்க்கை நாள் எந்தப் பிள்ளைக்காகவும் பொறுத்திருப்பதில்லை. பேரவை நல்ல முடிவெடுக்கும் என்ற நம்பிக்கையோடு அமர்கிறோம்.